கருவி சொன்ன பொய்

மனிதன் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் பெரும்பாலானவை தம் குற்றத்தோடு தாமும் மறைந்துபோகின்றன. சாயம் போன துணி கந்தலாகிறது. சுவை கெட்ட பண்டம் குப்பைக்குச் செல்கிறது. பிடிக்காத புத்தகம் யாருக்கேனும் அன்பளிப்பாகிவிடுகிறது. கருவி மட்டும் அவ்வாறு எளிதில் நீங்குவதில்லை. இரும்பும் எஃகும் கொண்டு செய்யப்பட்ட அது, துருவேறியும் உருக்குலையாமல் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், "என்னை ஏன் வாங்கினாய்?" என்று அது வாங்கியவனைக் கேளாமல் கேட்கிறது.

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை வேய்ந்த சிறிய அறை ஒன்று உண்டு. அவ்வறை முழுவதும் கருவிகள். அவருடைய மனைவியார் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'இரண்டாவது இரும்புக்கடை' என்பது. முதற்கடை ஊரில் இருக்கிறது. அங்கே பொருள் விற்றுப் போகும், இங்கே வந்து சேரும் என்பது அவ்வம்மையாரின் விளக்கம்.

ஓய்வு பெற்ற மறுவாரம், அவ்வறையை ஒழுங்குபடுத்தும் எண்ணத்துடன் தலைமையாசிரியர் உள்ளே புகுந்தார். ஆசிரியருக்கே உரிய பழக்கம் எங்கே போகும்? பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்தார்; அளவுகோலை வைத்து நான்கு பத்திகள் வரைந்தார். பொருளின் பெயர், வாங்கிய ஆண்டும் விலையும், பயன்பட்ட தடவை, வருந்தக் காரணம் என்று தலைப்பிட்டார். மாலைக்குள் 41 பொருள்கள் பட்டியலில் ஏறின. மூன்றாம் பத்தியில் பத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பெற்றவை அவற்றுள் பாதிகூட இல்லை.

பட்டியலின் முதல் வரியில் இருந்தது ஒரு திருப்புளித் தொகுதி. 1984 ஆம் ஆண்டு. விலை 12 வெள்ளி. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, இளம் ஆசிரியராகப் பணியமர்ந்திருந்த காலம் அது. இரவுச் சந்தையில் காற்றழுத்த விளக்கின் ஒளியில், சிவப்பு நெகிழிப் பெட்டிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட திருப்புளிகள் அணிவகுத்து மின்னின. ஒன்றின் விலைக்கு முப்பது கிடைக்கும்போது வேண்டாம் என்பார் யார்? மறுநாளே அவர் தம் ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் பக்கமூடியைக் கழற்ற முனைந்தார். கூட்டல் குறி போன்ற பள்ளம் கொண்ட திருகு அது. திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினார். முனை மேலெழும்பி நழுவியது. மீண்டும் அழுத்தினார், மீண்டும் நழுவியது. ஐந்தாறு முறைக்குப் பின் பார்த்தால், திருகின் பள்ளம் கூட்டல் குறியாக இல்லை, சுழியமாகியிருந்தது. திருப்புளியின் முனையும் மழுங்கிப்போயிருந்தது.

மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார் ஆசிரியர். அவரோ சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் தடித்த திருப்புளி ஒன்றை வைத்து, இரண்டே அடியில் திருகை எடுத்து 5 வெள்ளி வாங்கிக்கொண்டார். ஆசிரியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது இதுதான்: "நமக்கு இந்த வேலையெல்லாம் கை வராது."

உண்மை அதுவன்று என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. கூட்டல் குறித் திருகுகள் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் பரப்பிய வடிவம் ஒன்று. ஜப்பானியர் தம் நாட்டுத் தரவிதிப்படி அமைத்துக்கொண்ட வடிவம் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலவே தோன்றும். ஆனால் முன்னதற்குரிய திருப்புளி பின்னதன் பள்ளத்தில் அடிவரை அமராது. அழுத்தினால் மேலெழும்பிப் பள்ளத்தை அரைத்துவிடும். போதாக்குறைக்கு அந்த மலிவுத் திருப்புளியின் முனையும் மென்மையான இரும்பு. பொருந்தாத வடிவமும் பொய்யான இரும்பும் சேர்ந்து செய்த குற்றத்தை அவர் தம் கையின்மேல் ஏற்றிக்கொண்டார். நான்காம் பத்தியில் அதற்குக் 'கல்லாமை' என்று எழுதினார்.

அடுத்து வருவது ஒரு மின்துளைப்பான். 1989 ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்த தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அத்தான் அவரைச் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தைக்கு அழைத்துச் சென்றார். 'திருட்டுச் சந்தை' என்று ஊரார் வேடிக்கையாகப் பெயரிட்டிருந்த சந்தை அது. தரையில் விரித்த துணிகளின்மேல் பழைய கடிகாரங்களும் நாணயங்களும் கருவிகளும் பரப்பிக் கிடக்கும். 2017 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாளோடு அச்சந்தை மூடப்பட்டுவிட்டது. அங்கேதான் அந்தத் துளைப்பான் அவர் கண்ணில் பட்டது. கைத்துப்பாக்கி போன்ற பிடி. ஆட்காட்டி விரலால் அழுத்தும் விசை. இவ்வமைப்புக்கு 1917 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்னும் இரு கூட்டாளிகள் காப்புரிமை பெற்றதையும், அதன் பின்னரே மின்துளைப்பான் ஒற்றைக் கைக்கு அடங்கும் கருவியாகப் பரவியதையும் அவர் ஏதோ ஓர் இதழில் படித்திருந்தார். அந்த வரலாற்றையே கையில் ஏந்தி நிற்பதாக அவருக்கு ஒரு மகிழ்ச்சி. நடைபாதையில் மின்சாரம் ஏது, ஓட்டிப் பார்ப்பதற்கு? 40 சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து வாங்கிவிட்டார்.

வீட்டிற்கு வந்து செருகியைப் பொருத்தி விசையை அழுத்தினார். துளைப்பான் ஓடியது, இல்லை, ஓலமிட்டது. கையைப் பிய்த்துக்கொண்டு போகும் வேகம். அடுத்த சில நொடிகளில் நீலப்புகையும் அரக்கு கருகும் வாடையும் எழுந்தன. பின்னர் அமைதி. அதன் அடிப்புறத்து உலோகத் தகட்டில் 120 வோல்ட் என்று தெளிவாகப் பொறித்திருந்தது. அமெரிக்க வீடுகளுக்காகச் செய்யப்பட்ட கருவி அது; நம் நாட்டு வீட்டு மின்சாரமோ ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் உடையது. எழுத்தறிவிக்கும் ஆசிரியர், எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. காரணப் பத்தியில் 'அவசரம்' என்று எழுதினார்.

மூன்றாவது வட்ட இரம்ப மேசை. 1996 ஆம் ஆண்டு ஊக்கத்தொகை கைக்கு வந்தபோது வாங்கியது. விலையை அவர் எழுதியிருக்கிறார். ஆனால் மனைவியார் பார்வையில் படாதிருக்கச் சற்று மங்கலாகவே எழுதியிருக்கிறார். பயன்பட்ட தடவை இரண்டு. விளம்பரத் தாளில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், தாமே செய்த நூலடுக்கின் அருகே புன்னகையுடன் நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியரிடம் நூல்கள் இருந்தன. இடித்த பழைய கட்டடம் ஒன்றிலிருந்து கிடைத்த செங்ஙால் பலகைகளும் இருந்தன. புன்னகையும் இரம்பமும்தான் இல்லை.

செங்ஙால் மரத்தின் தன்மையை நம் நாட்டார் அறிவர். உலர்ந்த பின்னும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஆணியை நேரே அடித்தால் ஆணிதான் வளையும். அத்தகைய பலகையை, முறையாகக் கற்காத ஒருவர், இடம் போதாத பின்கட்டில், சுழலும் பல்லுக்கு எதிரே தள்ளினார். அறுபட்ட பிளவு பின்புறம் சுருங்கி இரம்பத்தைக் கவ்வியது. இரம்பத்தின் பின்பற்கள் மேல்நோக்கிச் சுழல்பவை. கவ்விய பலகையை அவை தூக்கி, தள்ளியவரை நோக்கியே எறிந்தன. பலகை அவருடைய இடுப்பை உரசிச் சென்று, பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது. பிளவு சுருங்காமல் காக்க இரம்பத்தின் பின்னே நிற்க வேண்டிய தகடு, பொருத்தப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அன்று அவர் அரை அடி விலகி நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடம் இருந்திராது. நூலடுக்கைப் பின்னர்க் கடையில் வாங்கிக்கொண்டார். இரம்ப மேசைமேல் இன்று பழைய நாளிதழ்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. காரணம்: 'படத்தைப் பார்த்து வாங்கியது.'

இவை போன்றவை இன்னும் பல. திருகுமரையின் மூலைகளைத் தேய்த்துவிடும் தளர்ந்த ஸ்பானர், ஒரு முறை அமுக்கியதும் வாய் கோணிய குறடு, குமிழி நடுவில் நின்றாலும் பலகை சாய்ந்தே நிற்கும் இரசமட்டம் என்று பட்டியல் நீள்கிறது. அவற்றை எழுதும்போது தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். இழந்தது அவர் பணம். பட்டது அவர் கை. நாணியது அவர் முகம். தன் பிழைக்குத் தானே விலை கொடுத்தவன் அதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம்.

ஆனால் பட்டியலின் 41 ஆவது வரிக்கு வந்தபோது அவருடைய எழுதுகோல் நின்றது. அவ்வரியில் உள்ள பொருள் அவர் வீட்டுக்காக வாங்கியதன்று.

அதைச் சொல்லுமுன் மற்றொன்றைச் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியர் கருவியறியாத குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவருடைய தாயார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன், மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையிலேயே நிரைக்குச் சென்று, ஏறக்குறைய 500 மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். ஒவ்வொரு சீவலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையை எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயப்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். இத்தனை நுட்பத்திற்கும் அந்த அம்மையாரிடம் இருந்த கருவி ஒன்றே ஒன்று: வளைந்த வாயுடைய சீவுகத்தி.

நாள்தோறும் மாலையில் லயத்து வாசற்படியில் அமர்ந்து, சாணைக்கல்லில் நீர் தெளித்து, அந்தக் கத்தியை அவர் தீட்டுவார். தீட்டி முடித்ததும் வாயைத் தம் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைப்பார். வழுக்கிச் சென்றால் மொக்கை. பற்றி நின்றால் கூர்மை. புதிய கத்தி வாங்கும்போதும் அதே சோதனைதான். தீட்டிப் பார்த்து நகத்தில் நிற்காத கத்தியை, யார் கொடுத்தாலும் அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். "கத்தி பொய் சொன்னால் மரம் அழும், தம்பி" என்பார். ஏழு வயதில் அவருடைய மகன் இதைக் கண்டும் கேட்டும் அறிந்தவன்.

இனி அந்த 41 ஆவது வரி.

2001 ஆம் ஆண்டு. தலைமையாசிரியர் தம் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காகக் கைத்தொழில் கழகம் ஒன்றைத் தொடங்க விரும்பினார். தேர்வுக்கு மட்டுமே பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் கல்வி முழுமையானதன்று என்பது அவர் கருத்து. பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்வந்தது. தாய்மார்கள் பலகாரம் செய்தும், தந்தைமார்கள் கொட்டகை போட்டும் ஓர் உணவு விழா நடத்தி 1,500 வெள்ளி திரட்டிக் கொடுத்தனர். அதில் பெரும்பகுதி தோட்டத்துப் பாட்டாளிகளின் சிறு பணம்.

நகரத்துக் கருவிக்கடையில் இரண்டு வகைத் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உளி, ஒரு சிறு இரம்பம், ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம். நல்ல தொகுதி 180 வெள்ளி. மலிவுத் தொகுதி 48 வெள்ளி. முன்னதில் 8 வாங்கலாம். பின்னதில் 30 வாங்கலாம். இரண்டுக்கும் தொகை அதே 1,440 வெள்ளி. எட்டே போதும், பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தட்டும் என்று கடைக்காரரான சீன முதியவர் மலாய் மொழியில் மெல்லச் சொன்னார். விலையுயர்ந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டார் தலைமையாசிரியர். கழகத்தில் சேர்ந்தவர் 30 பேர். எட்டுப் பேருக்குக் கொடுத்து இருபத்திரண்டு பேரைக் காத்திருக்கச் செய்வது நீதியாகுமா? ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி என்பதல்லவா அழகு? முப்பதை வாங்கினார்.

அப்பொழுது ஓர் உளியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டார். கழுத்துப்பட்டை கட்டிய தலைமையாசிரியர், நான்கு பேர் பார்க்க, லயத்து வாசற்படியில் அமர்ந்த தாயைப் போல நகத்தை நீட்டிக்கொண்டு நிற்பதாவது!

கருவிகள் வழங்கும் விழா சிறப்பாக நடந்தது. முப்பது பிள்ளைகளும் முப்பது உளிகளைத் தூக்கிப் பிடித்த நிழற்படம் ஆசிரியர் அறையில் மாட்டப்பட்டது. மூடியுடைய ஒரு சிறு பலகைப் பெட்டி செய்வது முதற்பயிற்சி. பலகை இரப்பர் மரத்தினது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம், வெட்டப்பட்ட பின் முன்பெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. 1980களிலிருந்து நாற்காலியும் மேசையுமாகிக் கடல் கடந்து போகிறது. தம் பெற்றோர் சீவிய மரத்தில் பிள்ளைகள் பெட்டி செய்யப்போகிறார்கள் என்று தலைமையாசிரியர் தொடக்கவுரையில் குறிப்பிட்டபோது கைத்தட்டல் எழுந்தது.

ஆனால் பெட்டிகள் எழவில்லை. இரம்பம் இரண்டு விரற்கடை இறங்கியதும் மரத்தில் சிக்கிக்கொண்டது. உளியின் வாய் நான்கு தட்டுக்குள் மடங்கியது. கோடு நேராகப் போட்டும் மூலைகள் சேரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவர் இருவராகப் பிள்ளைகள் குறைந்தனர். "எனக்கு வரவில்லை, ஐயா" என்று ஒருத்தி சொன்னாள். "நான் காற்பந்துக்குப் போகிறேன், ஐயா" என்று ஒருவன் சொன்னான். பொறுமையில்லாத தலைமுறை என்று தலைமையாசிரியர் வருந்தினார்.

ஒரே ஒரு மாணவன் மட்டும் விடவில்லை. ஆறாம் ஆண்டு மாணவன், தோட்டத்திலிருந்து வருபவன். சார்டின் டப்பாக்களை வெட்டிச் சக்கரம் வைத்து ஒரு லாரி செய்து பள்ளிக்குக் கொண்டுவந்தவன். எல்லாரும் போன பின்னும் உட்கார்ந்து, மடங்கிய உளியை அழுத்தி அழுத்தி அவன் பள்ளம் பறித்துக்கொண்டிருப்பான். மொக்கை உளி கூரிய உளியைவிட ஆபத்தானது. வெட்டாத கருவியை வெட்டச் செய்யக் கை மிகையாக அழுத்துகிறது, மிகையான அழுத்தம் நழுவும்போது எங்கே போகும் என்பதை யாரும் கட்டுப்படுத்த இயலாது. ஒரு புதன்கிழமை அது நழுவியது. இடக்கை ஆட்காட்டி விரலின் அடியில் மூன்று தையல்.

மறுநாள் தாயார் பள்ளிக்கு வந்தார். குறை கூற வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தார், பள்ளிக்குத் தொல்லை கொடுத்துவிட்டான் என்று. பையன் தலை கவிழ்ந்து நின்றான். "எனக்குக் கை வராது, ஐயா" என்றான். 1984 ஆம் ஆண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் அருகே ஓர் இளம் ஆசிரியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட அதே சொற்கள். அவற்றை மறுத்திருக்க வேண்டியவர் மறுக்கவில்லை. மிகுந்த கனிவோடு அத்தாயிடம் அவர் கூறினார்: "அம்மா, அவன் படிப்பிலேயே கவனம் செலுத்தட்டும். கைவேலை அவனுக்கு ஒத்துவராது."

"சரிங்க ஐயா" என்று அவர் மகனை அழைத்துச் சென்றார். ஆண்டிறுதியில் கழகத்தில் ஏழு பேர் எஞ்சியிருந்தனர். முடிந்த பெட்டி ஒன்றுகூட இல்லை.

2003 ஆம் ஆண்டு விடுமுறையில் பள்ளி மேடையைச் செப்பனிடத் தோட்டத்து முதிய தச்சர் ஒருவர் வந்தார். தம் உளி ஒன்று வீட்டில் தங்கிவிட்டதென்று பள்ளி உளியைக் கேட்டார். தலைமையாசிரியரே எடுத்துக் கொடுத்தார். வாங்கிய தச்சர் அதை வெட்டப் பயன்படுத்தவில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தில் வைத்தார். பின்னர்ப் பையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து உளியின் வாயில் ஒருமுறை இழுத்தார். அரம் கறுக்கென்று பற்றிப் பொடியை உதிர்த்தது.

"வாத்தியாரையா, இதை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டார் தச்சர். "நல்ல உளியாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்து, பிறகு அளவாகச் சூடு காட்டிப் பதம் செய்திருப்பார்கள். இது பதமே காணாத இரும்பு. எத்தனை தீட்டினாலும் நாலு தட்டுக்கு மேல் நிற்காது." இரம்பத்தையும் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பற்களை ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாய்க்கவேண்டும். அப்போதுதான் அறுக்கும் வழி தகட்டைவிட அகலமாக இருக்கும். இது எல்லாப் பல்லும் நேராக நிற்கிறது. சிக்காமல் என்ன செய்யும்?"

சற்றுப் பொறுத்து, "பிள்ளைகளா இதை வைத்து வேலை செய்தார்கள்? பாவம்" என்றார்.

'பாவம்' என்னும் சொல்லுக்கு இரக்கம் என்றும் பொருள் உண்டு. குற்றம் என்றும் பொருள் உண்டு. தச்சர் முதற்பொருளில் சொன்னார். தலைமையாசிரியரின் காதில் இரண்டாவதே விழுந்தது.

அந்த வாரமே அவர் தம் சொந்தப் பணத்தில் நல்ல உளிகள் ஆறு வாங்கினார். பழைய முப்பதையும் பள்ளியிலிருந்து அகற்றித் தம் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு கழகம் மீண்டும் தொடங்கியபோது, முதல் மாதம் முழுவதும் மரத்தையே தொடவிடவில்லை. சாணைக்கல்லில் நீர் தெளிப்பதும், உளியைச் சாய்வு மாறாமல் தீட்டுவதும், தீட்டியதைத் தாளின் விளிம்பில் சோதிப்பதுமே பாடம். ஆறு உளிகளை முறைவைத்துப் பயன்படுத்தினர் பிள்ளைகள். காத்திருந்தவர்கள் பார்த்துக் கற்றனர். ஆண்டிறுதியில் பெட்டிகள் எழுந்தன. சில கோணல், சில நேர். ஆனால் எல்லாம் மூடின.

மூன்று தையல் போட்ட அந்த மாணவனைத் தேடி அவர் தோட்டத்திற்குச் சென்றார். அங்கே லயங்கள் இல்லை. வீடமைப்புக்காகத் தோட்டம் விற்கப்பட்டு, சிவந்த மண்மேட்டின்மேல் மண்வாரி இயந்திரங்கள் நின்றன. குடும்பம் கிள்ளான் பக்கம் குடிபெயர்ந்துவிட்டதென்று யாரோ கூறினர்.

பதினோராண்டுகள் கழிந்தன. 2014 ஆம் ஆண்டு கோயில் திருவிழா ஒன்றில், நரைத்த தலையுடன் ஓர் அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வணங்கினார். அந்தத் தாயார்தான். மகன் ஜொகூரில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறான் என்றார். தம்பி முறையுள்ள ஒருவர் மரச்சாமான் தொழிலில் இருக்கிறாராம். வந்து வேலை கற்றுக்கொள் என்று பலமுறை அழைத்தாராம். "போகவே மாட்டேன் என்றுவிட்டான், ஐயா. எனக்குத்தான் கை வராதே என்பான். நீங்கள் அன்றே பார்த்துச் சொன்னீர்கள். இல்லாவிட்டால் அதில் போய்க் காலத்தைக் கெடுத்திருப்பான். உங்கள் வாக்கு வாக்குதான், ஐயா" என்று நன்றி கூறினார்.

தலைமையாசிரியர் அங்கேயே உண்மையைச் சொன்னார். குற்றம் மகனுடையதன்று, உளி கெட்டது, அதை வாங்கியவன் நான், சொன்ன சொல் தவறு என்றார். நாதசுரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தன. அவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று எண்ணி அம்மையார் சிரித்தார். "உங்கள் பெருந்தன்மை, ஐயா" என்று கூறி மீண்டும் கைகூப்பினார். மகனிடம் இதைச் சொல்லும்படி தலைமையாசிரியர் இருமுறை வேண்டினார். சொல்கிறேன் என்றார் அவர். சொன்னாரோ, இல்லையோ!

மலிவுப் பொருள் விரைவில் கெடும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதற்காகக் கட்டுரை ஒன்று தேவையில்லை. கெட்ட கருவி கெடும்போது தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது. பழகிய தச்சரின் கையில் அது அகப்பட்டால், "இது இரும்பன்று" என்று அவர் எறிந்துவிடுவார். அவருக்கு நல்லதன் நினைவு கையில் இருக்கிறது. பழகாத பிள்ளையின் கையில் அகப்பட்டாலோ, ஒப்பிட்டுப் பார்க்க அப்பிள்ளையிடம் வேறொன்றும் இல்லை. கருவி, "உனக்குக் கை வராது" என்கிறது, பிள்ளை நம்பிவிடுகிறது. ஆகவே, கற்பவனுக்குக் கொடுப்பது தேர்ந்தவனுக்குக் கொடுப்பதைவிட நல்லதாக இருத்தல் வேண்டும். நாமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே செய்கிறோம். 'பழகத்தானே, இது போதும்' என்கிறோம்.

உளிக்கு மட்டும் உரியதா இது? தெளிவில்லாத பாடநூல், பிழைபட அச்சிட்ட பயிற்சித்தாள், ஆயத்தமின்றி நடத்திய பாடம் ஆகியனவும் மாணவன் கையில் நாம் கொடுக்கும் கருவிகளே. அவை சிக்கும்போது மாணவன் தன்னையே நொந்துகொள்கிறான். அவ்வேளையில், "உனக்கு வராது" என்று ஆமோதிப்பது எளிது. கருவியை வாங்கித் தன் நகத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது ஆசிரியர் கடன்.

தலைமையாசிரியரின் பயிற்சிப் புத்தகத்தில் 41 ஆவது வரி நெடுநாள் முற்றுப்பெறாமலே இருந்தது. 'உளி முதலியன, 30 தொகுதி, 2001, 1,440 வெள்ளி' என்ற அளவில் நின்றது. பயன்பட்ட தடவை என்னும் பத்தியில் அவர் எண் எதுவும் இடவில்லை. வருந்தக் காரணத்துக்கு முதலில் 'மலிவு' என்று எழுதி அடித்தார். பின்னர் 'அறியாமை' என்று எழுதினார். அறிந்திருந்தவர் அல்லரா அவர், அதனால் அதையும் அடித்தார். ஒரு மாலை, பின்கட்டு அறையில் அம்முப்பது உளிகளுள் ஒன்றைக் கையிலெடுத்து நெடுநேரம் அமர்ந்திருந்தவர், இறுதியில் நான்காம் பத்தியில் மூன்று சொற்களை எழுதிப் புத்தகத்தை மூடினார்.

'நகத்தில் வைத்துப் பார்க்கவில்லை.'